பேச்சு வரவில்லை என்றால் யாரிடம் போவது?

‘பேச்சு வரவில்லை’ என்பது தமிழில் இரண்டே சொல். இரண்டரை வயதாகியும் வாய் திறக்காத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் தாய் சொல்வதும் இதுதான். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரைப் பற்றி மனைவி சொல்வதும் இதுதான். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்ட முதியவரின் மகனும், வகுப்பில் எழுந்து நின்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும் மாணவனின் ஆசிரியரும் வேறு எதையும் சொல்லப்போவதில்லை. ஒருவருக்குக் கோளாறு காதில் இருக்கலாம், ஒருவருக்கு மூளையில், ஒருவருக்குத் தொண்டையில். ஆனால் மருத்துவமனையில் இவர்கள் அனைவரையும் ஒரே அறைக்குத்தான் அனுப்புவார்கள். அந்தக் கதவில் ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். பேச்சு மொழி நோய்க்குறியியல் வல்லுநர் என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. அதைத் தடுக்காமல் சொல்லி முடிப்பதே ஒரு பேச்சுப் பயிற்சி என்பதாலோ என்னவோ, யாரும் சொல்வதில்லை.

பெயர் எதுவானாலும் நம் மனத்தில் இருக்கும் படம் ஒரு டியூஷன் வாத்தியாருடையது. அட்டையைக் காட்டி, ‘ஆப்பிள் சொல்லு, பூனை சொல்லு’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பவர். அப்படியென்றால் பொறுமையும் நாலு அட்டையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே, இதற்கு எதற்குப் பட்டம் என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது. ஊருக்கு ஊர் ‘தெரபி சென்டர்’ முளைப்பதும் இந்த எண்ணத்தின் மேல்தான். என் கட்சி வேறு. சொல்ல வைப்பது இந்த வேலையின் பின்பாதி. அதைத் தாயும் செய்யலாம், மனைவியும் செய்யலாம், பல நேரம் அவர்கள்தான் செய்யவும் வேண்டும். ஏன் வரவில்லை என்று கண்டறிவதும், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவெடுப்பதும் முன்பாதி. நான்கு ஆண்டுப் படிப்பு முழுக்க அந்த முன்பாதிக்காகத்தான்.

அந்த இரண்டரை வயதுப் பிள்ளையிடமிருந்தே தொடங்குவோம். அவனுக்குப் பிறவியிலேயே காது கேளாமல் இருக்கலாம். அல்லது ஓரளவு கேட்டு, உயர்ந்த ஒலிகள் மட்டும் விழாமல் இருக்கலாம். கதவு தட்டினால் திரும்புவான், ‘ச’வும் ‘ஸ’வும் அவன் உலகில் இருக்காது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். ஆட்டிசமாக இருக்கலாம், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். அறிவு வளர்ச்சி மொத்தமாகவே பின்தங்கியிருக்கலாம். காது, அறிவு, பழகும் விதம் எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு; ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகள் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 7 பேருக்கு அது இருப்பதாகக் கண்டன. வாயசைவை வரிசைப்படுத்தி ஏவும் மூளை வேலையில் மட்டும் சிக்கல் இருக்கலாம். அல்லது எதுவுமே இல்லாமல், கொஞ்சம் தாமதமாகப் பேசப்போகிற பிள்ளையாகவும் இருக்கலாம். வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, மௌனம். உள்ளே காரணம் ஏழெட்டு.

இவற்றில் ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்கு உதவாது. காது கேளாத பிள்ளைக்கு முன்னால் அட்டையைக் காட்டி ‘ஆப்பிள்’ என்று ஆறு மாதம் கத்தினால் போவது ஆறு மாதம்தான். மொழிக்காக மூளை மிக இளகியிருக்கும் வயதில் அந்த ஆறு மாதம் பெரியது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை ‘சொல்லு’ என்று வற்புறுத்தினால், விளம்பரத்தில் கேட்டதைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்பான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்க மாட்டான். அதனால் தேர்ந்த ஒருவர் முதல் நாள் குழந்தையைப் பேச வைக்க முயல்வதே குறைவு. தரையில் உட்கார்ந்து அவன் விளையாடுவதைப் பார்ப்பார். சொன்னது புரிகிறதா, கண்ணைப் பார்க்கிறானா, பொம்மைக்குச் சோறூட்டும் பாவனை வருகிறதா, எந்தெந்த மெய்யெழுத்து வாயில் உருள்கிறது என்று குறித்துக்கொள்வார். பார்க்கிறவருக்கு அது சும்மா விளையாடிவிட்டுக் காசு வாங்குவதுபோலத் தெரியும். அந்த அரைமணி நேரத்தில்தான் மேலே சொன்ன பட்டியலில் பாதி அடிபட்டுப்போகிறது.

மீதிப் பாதியில் முதலில் விலக்க வேண்டியது காது. இங்கே இந்தியப் படிப்பு முறையின் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் செவித்திறன் துறையும் பேச்சுத் துறையும் தனித்தனித் தொழில்கள். நம் நாட்டில் இளநிலைப் பட்டமே இரண்டுக்கும் சேர்த்துத்தான். காதைச் சோதிப்பவரும் பேச்சைப் பார்ப்பவரும் ஒரே படிப்பிலிருந்து வருகிறார்கள். காது கேளாத பிள்ளைக்குக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெற்ற பிறகு, தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது எட்டியது. ஆனால் கருவி தருவது ஒலியை மட்டுமே. அந்த இரைச்சலுக்குள் இது அம்மாவின் குரல், இது மிக்சி, இது என் பெயர் என்று மூளை பிரித்தறியப் பழக வேண்டும். அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. அறுவை அரங்கில் சில மணி நேரம் நடப்பது செய்தியாகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் சிறிய அறையில் நடப்பதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

‘அவங்கப்பாவும் நாலு வயசிலதான் பேசினாரு, இப்ப வாயை மூட முடியலை’ என்று பாட்டிமார் சொல்வதை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். அதில் உண்மை உண்டு. 2 வயதில் பேச்சு பின்தங்கியிருக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். சிக்கல், எந்தப் பாதியில் நம் பிள்ளை இருக்கிறான் என்பது மௌனத்தைப் பார்த்து மட்டும் தெரியாது என்பதில்தான். தவிர, பாட்டி ஆறுதலாகச் சொல்லும் அதே செய்தியை வல்லுநர் தம் குறிப்பேட்டில் எச்சரிக்கையாக எழுதிக்கொள்வார்: குடும்பத்தில் பேச்சுத் தாமதம் இருப்பது, குழந்தையின் தாமதம் நீடிப்பதற்கான அறிகுறிகளுள் ஒன்று. 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் ‘பால் வேணும்’ என்பதுபோல இரு சொல் சேரவில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றால் காத்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவதும் சிகிச்சைதான். சும்மா காத்திருப்பதும் சோதித்துவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றாகா.

வசம்பு விஷயத்தில் இவ்வளவு விட்டுக்கொடுக்க முடியவில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து, அந்திக்குமேல் பெயரைக்கூட உச்சரிக்காமல் மதித்த பொருள். நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதில் உள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968இலேயே தடைசெய்தது. நாக்குக் கட்டை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்பதும் இதே வகை. தாய்ப்பால் குடிக்கவே சிரமப்படும் சில குழந்தைகளுக்கு அது தேவைப்படலாம். பேச்சே தொடங்காத பிள்ளைக்குக் காரணம் நாக்கின் அடியில் இருப்பது அரிது.

சரி, பின்பாதியைப் பெற்றோரே செய்யலாம் என்றால் நடுவில் வல்லுநர் எதற்கு? திக்குவாய்க்கான லிட்கோம் முறை இந்தக் கேள்விக்கு நல்ல விடை. ஆஸ்திரேலியாவில் உருவான அந்த முறையில் பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுப்பவரே தாயோ தந்தையோதான். தடங்கலின்றிப் பேசும்போது பாராட்டுவது, எப்போதாவது தடங்கலை மென்மையாகச் சுட்டுவது, இவ்வளவே. நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2005இல் வெளியானது. 9 மாதம் கழித்து, இம்முறையைப் பின்பற்றியவர்கள் 100 அசைக்குச் சராசரியாக 1.5 அசையில் திக்கினார்கள், பின்பற்றாதவர்கள் 3.9 அசையில். இரு குழுவிலும் திக்கல் குறையத்தான் செய்தது, ஏனென்றால் சிறு வயதுத் திக்கல் பலருக்குத் தானாகவே மறையும். சிகிச்சை பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. பாராட்டுவது எளிதாகத் தோன்றும். எத்தனை முறை, எந்த நேரத்தில், எப்போது குறைப்பது, குழந்தை கூசிப்போனால் எப்படி மாற்றுவது என்பதை வாராவாரம் அளந்து சொன்னவர்கள் அங்கிருந்த வல்லுநர்கள். அந்த அளவை இல்லாமல் வீட்டில் நடப்பதென்ன? ‘மெதுவாப் பேசுடா’, ‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு’, விருந்தினர் முன்னால் ஒரு அதட்டல். பிறகு அந்தப் பையன் போன் அடித்தால் எடுக்க மாட்டான்.

பெரியவர்கள் பக்கம் வந்தால் வாதம் இன்னும் கெட்டியாகிறது. பாரிஸில் 1861ஆம் ஆண்டு பால் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் சொல்ல முடியாமலிருந்து இறந்த ஒருவரின் மூளையைத் திறந்து பார்த்து, இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருப்பதைக் காட்டினார். பேச்சிழப்புக்கு மூளையில் இடம் உண்டு என்பது அன்று நிலைபெற்றது. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிற இந்த அஃபேசியாவில் பழுதாவது நாக்கல்ல, மொழி. தம்ளர் என்று சொல்ல நினைத்தால் கரண்டி என்று வரும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தடுமாறும். இன்னொரு வகையில் பேச்சு சரளமாக ஓடும், பொருள் மட்டும் இருக்காது. ‘மூளை குழம்பிவிட்டது’ என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவார்கள். இதிலிருந்து வேறானது டிஸார்த்ரியா. அதில் மொழி முழுசாக இருக்கும், தசை தளர்ந்து சொல் குழறும். இரண்டையும் பிரிப்பது ஏட்டுச் சங்கதி இல்லை. குழறுகிறவரிடம் காகிதமும் பேனாவும் கொடுத்தால் எழுதிக் காட்டிவிடுவார். அஃபேசியா உள்ளவரிடம் அதையே நீட்டினால் பெரும்பாலும் அவரால் எழுதவும் முடியாது. பேனாவை வெறித்துப் பார்ப்பார், வீட்டார் ‘எழுதக்கூட மாட்டேங்கிறாரே’ என்று சலித்துக்கொள்வார்கள். அவருக்குத் தேவை வேறு: சுருக்கமான வாக்கியம், ஆமாம்-இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வி, படம், சைகை, காத்திருத்தல். இந்தச் சிகிச்சையால் பலன் உண்டா என்பதை 57 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு 2016இல் வந்தது. பலன் உண்டு என்றது. அடர்த்தியாகக் கொடுத்தால் பலன் கூடக்கூடும், ஆனால் பாதியில் விட்டுப்போகிறவர்களும் கூடுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னது.

பலருக்குத் தெரியாத ஒரு வேலையும் இவர்களிடம் இருக்கிறது: விழுங்குதலைச் சோதிப்பது. பேசவும் விழுங்கவும் உதடு, நாக்கு, அண்ணம், தொண்டை என்று கருவிகள் ஒன்றே; எனவே பக்கவாதத்தில் ஒன்று கெட்டால் மற்றதும் கெடக்கூடும். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கும். இங்கே நம் பாசமே எமனாகிவிடுகிறது. ‘இட்லி வேண்டாம், தண்ணியாவது ரெண்டு மடக்கு குடிக்கட்டும்’ என்று வாயில் ஊற்றுவார்கள். ஆனால் இவர்களில் பலருக்கு மிகவும் ஆபத்தானது தண்ணீர்தான். கட்டுப்பாடில்லாமல் வேகமாக ஓடி, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். இருமினால் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தொண்டையின் உணர்வே மரத்துப்போனவர் இருமவும் மாட்டார். நுரையீரலுக்குள் சிறுகச் சிறுக இறங்கி, சில நாளில் காய்ச்சலும் நிமோனியாவுமாக வரும். இதைக் கண்டறியப் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே திரையில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி நேரில் பார்ப்பார்கள். பிறகு எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று முடிவாகும். அதற்கென 0 முதல் 7 வரை உலக அளவில் ஒரு தர வரிசை இருக்கிறது: 0 என்றால் தண்ணீர், 7 என்றால் வழக்கமான சாப்பாடு. கஞ்சியா, கூழா, குழைந்த சாதமா, தலையைக் குனிந்து விழுங்க வேண்டுமா, மூக்கு டியூபை எப்போது எடுக்கலாம் என்ற தீர்மானங்களில் மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்பவர் இந்த வல்லுநர். கெட்டியாக்கிக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று பொதுவிதியும் கிடையாது. அட்டையும் பொறுமையும் மட்டும் கைவசம் உள்ளவரிடம் இந்த முடிவை விடுவீர்களா?

குரல்வளை எடுக்கப்பட்டவருக்கு உணவுக்குழாயிலிருந்தோ, கழுத்தில் வைக்கும் கருவியாலோ, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் பொருத்தும் வால்வாலோ புதுக் குரல் வரவழைப்பதும் இவர்கள்தாம். அண்ணப் பிளவைத் தைத்த பிறகும் மூக்கால் பேசும் பிள்ளை, நாள் முழுக்கக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுந்த பள்ளி ஆசிரியை என்று பட்டியல் நீளும். விட்டுவிடுகிறேன்.

இப்போது தகுதி. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர்கள் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற இளநிலைப் பட்டத்தில் சேரலாம். 3 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறு, நரம்பியல், ஒலி அலைகளின் இயற்பியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் எல்லாம் உண்டு. மேலே 2 ஆண்டு முதுநிலையில் பேச்சு, செவித்திறன் என்று கிளை பிரியும். மத்திய அரசின் மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965இலிருந்து இத்துறைக்குத் தாய்வீடு. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி., போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் படிக்கலாம். பட்டம் வாங்கியதும் வேலையைத் தொடங்கிவிட முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்து எண் பெற வேண்டும். அவ்வப்போது தொடர்கல்வி முடித்து அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பிரிட்டனிலும் பட்டமும் பதிவும் இல்லாமல் அந்தத் தொழிற்பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் இல்லாமல் நடக்காது. நம் சட்டம் பதிவில்லாமல் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெருநகர மையங்களில் ஓரிரு அமர்வுக் கட்டணமே அந்த அபராதத் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்படியொரு தண்டனைக்கு யார் பயப்படுவார்கள்?

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 20 லட்சம், செவிக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள், திக்குபவர்கள் எல்லாரும் இதில் அடங்கியிருப்பார்களா என்பதே ஐயம். பட்டதாரிகளோ குறைவு, அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில். பரமக்குடியிலும் பாலக்கோட்டிலும் இருப்பவர் பதிவு எண் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு வயசாகிவிடாதா, ஏதோ தெரிந்த ஒருவர் செய்தால் என்ன குறை என்பது அந்த வாதம். குறைச்சல் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து வரவேண்டிய முடிவு வேறு. இந்த வேலையின் பின்பாதியைத்தான் பகிர்ந்து கொடுக்கலாம், முன்பாதியை முடியாது. ஓராண்டு டிப்ளமோ முடித்த உதவியாளர், அங்கன்வாடிப் பணியாளர், சிறப்பாசிரியர், வீடியோ அழைப்பில் வழிகாட்டப்படும் தாய் என்று எத்தனை பேர் கைகொடுத்தாலும் நல்லது. என்ன கோளாறு, என்ன திட்டம் என்று முடிவெடுத்து மாதம் ஒருமுறையாவது அளந்து பார்க்கத் தகுதியான ஒருவர் மேலே இருந்தாக வேண்டும். மேலே யாருமில்லாமல் உதவியாளரே வல்லுநர் ஆகிவிடுவதுதான் இன்று நடக்கிற தவறு.

பட்டம் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஊதல் ஊதுவது, மெழுகுவத்தியை அணைப்பது, நாக்கை மூக்கு வரை நீட்டுவது போன்ற வாய்ப் பயிற்சிகளால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஊதுவதற்கு மூளை ஏவும் அசைவும் பேசுவதற்கு ஏவும் அசைவும் வேறு. இருந்தும் அமெரிக்காவில் 2008இல் வெளியான கணக்கெடுப்பில், முதுநிலைப் பட்டம் பெற்ற வல்லுநர்களிலேயே 85 விழுக்காட்டினர் இவற்றைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் நிலைமை மேலாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. ஆனால் அந்தப் பயிற்சிகள் வீண் என்று அளந்து காட்டியவர்களும் அதே துறையினர்தான். தன் தவற்றைத் தானே சோதித்துக்கொள்ளும் வழி ஒரு துறைக்குள் இருப்பதற்கும், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத கடைக்கும் உள்ள தூரம் அது.

தமிழ் விஷயத்திலும் இந்தத் துறைக்குக் கடன் பாக்கி இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று எந்தெந்த உறுப்பில் பட்டு எந்த எழுத்தாகிறது என்று எட்டு இடங்களை எண்ணிச் சொன்ன பிறப்பியல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அந்த மொழியில், எந்த வயதுப் பிள்ளை எந்த ஒலியைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான அளவைகள் ஆங்கிலத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. மதுரைப் பக்கத்துப் பிள்ளை ‘வாளப்பளம்’ என்றால் அது வட்டார வழக்கு, கோளாறு கிடையாது. ஆறு வயதில் ‘காக்கா’வை ‘தாத்தா’ என்றால் அது கவனிக்க வேண்டியது. இந்த வேற்றுமை தெரிய வேண்டுமானால் ஒலியியலும் தெரிய வேண்டும், ஊரும் தெரிய வேண்டும். பயிற்சி புத்தகத் தமிழில் நடந்தால் பிள்ளை ‘எனக்கு நீர் வேண்டும்’ என்று கற்றுக்கொண்டு தெருவில் கேலிக்கு ஆளாகும். ‘வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்புகிறது’ என்று சென்னையிலும் டொராண்டோவிலும் ஒரே மாதிரி அறிவுரை கிடைக்கிறது. இரு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை; ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அதனால் கெடுதல் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கினால் பழகக் கிடைக்கும் ஆட்கள்தாம் குறைவார்கள்.

கடைசியாக ஒரு பயம். படத்தைத் தொட்டால் கருவி பேசும் செயலிகள் வந்துவிட்டன. சென்னையில் உருவான ஆவாஸ் அவற்றுள் ஒன்று. கருவி பேசினால் பிள்ளை சோம்பேறியாகிப் பேசவே மாட்டானோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, நம்பகமான சான்றுள்ள 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. எனவே கருவிக்குப் பயப்பட வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு, எத்தனை படத்தோடு, எப்போது என்று சொல்ல ஆள் இல்லாமல் வாங்கினால்தான் அது பரணுக்குப் போகும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால், முதலில் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. தகுதியுள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ன கோளாறு என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து, இந்தப் பயிற்சி எதற்கு, மூன்று மாதத்தில் எது மாறியிருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். காசில்லை என்றால் மாவட்ட அளவில் அரசு நடத்தும் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலச் சிகிச்சை மையத்தில் குழந்தைகளை இலவசமாகப் பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் விசாரிக்கலாம். பேசாத பிள்ளைக்குக் காதைச் சோதிக்காமல் பயிற்சியை ஆரம்பிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெரா என்ற அந்தச் சோதனைக்குக் குழந்தை பேச வேண்டியதில்லை, கை தூக்க வேண்டியதில்லை. தூங்கினால் போதும்.